தரையை நனைக்காமல் கோழிக்குத் தண்ணீர்: நிப்பிள் வாளியை வீட்டிலேயே செய்வது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்பூட் போன்ற தோட்டப்புற ஊர்களில், வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து கோழிகள் வளர்ப்பவர்களின் கொட்டகைகளைப் பார்த்தால், தீவனத்துக்கு இருக்கும் கவனிப்பு தண்ணீருக்கு இருப்பதில்லை. டெடாக் எனப்படும் தவிட்டுத் தீவன மூட்டை மழை படாத இடத்தில் பலகைமேல் பத்திரமாக இருக்கும். தண்ணீரோ பழைய ஐஸ்கிரீம் டப்பாவிலோ, பாதியாக அறுத்த எண்ணெய் டின்னிலோ தரையோடு தரையாகக் கிடக்கும். காலையில் ஊற்றிய தண்ணீரில் வெயில் ஏறுவதற்குள் எச்சமும் மரத்தூளும் மிதக்கத் தொடங்கிவிடும். சேவல் விளிம்பில் ஏறி நின்றால் டப்பா கவிழும். மைனாக்கள் பகலிலும் எலிகள் இரவிலும் அதே தண்ணீரைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

அசுத்தம் கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பற்றித்தான் எல்லாரும் குறைப்படுகிறார்கள். அதைவிடப் பெரிய தீங்கைச் செய்வது டப்பாவைச் சுற்றி ஊறிக்கிடக்கும் ஈரம். ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் எய்மேரியா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் கோழியின் எச்சத்தோடு வெளியேறும்போது உடனே நோயைப் பரப்பக்கூடியவையாக இருப்பதில்லை. வெதுவெதுப்பும் ஈரமும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாட்களில் முதிர்ந்து, அடுத்த குஞ்சு கொத்தும் மண்ணோடு அதன் வயிற்றுக்குள் போய்விடுகின்றன. வெதுவெதுப்புக்கும் காற்றுக்கும் நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பஞ்சமில்லை. ஆகவே நம் கையில் இருப்பது ஈரத்தைக் குறைப்பது ஒன்றுதான். இந்த முட்டைகளின் கனமான ஓட்டை, குடிநீரில் கலக்கும் குளோரினால் துளைக்க முடியாது என்பதால், தண்ணீரில் மருந்து கலந்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கவும் வழியில்லை. ஈரமான தரையிலிருந்து கிளம்பும் அம்மோனியா வாடையும், ஈக்களும், கோழியின் உள்ளங்காலில் வரும் புண்ணும் இதே காரணத்தின் கிளைகள். நிப்பிள் அமைப்பைப் பரிந்துரைப்பதற்கு எனக்கு முதன்மையான காரணம் இதுதான். ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு வேலையையும் தரை உலர்ந்திருக்கிறதா என்ற ஒரே அளவுகோலால் சோதித்துப் பார்க்கலாம்.

நிப்பிள் என்பது சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு சிறு அடைப்பான். பிளாஸ்டிக் அல்லது உலோக உடலுக்குள் துருப்பிடிக்காத எஃகு ஊசி ஒன்று, மேலிருக்கும் தண்ணீரின் எடையாலோ சிறு சுருளாலோ அழுத்தப்பட்டு வழியை மூடி நிற்கும். கோழி அலகால் ஊசியைத் தட்டும்போது அது சற்றே சாய, விளிம்பில் திறக்கும் மயிரளவு இடைவெளியில் தண்ணீர் வழிந்து ஊசியின் முனையில் துளியாகத் திரளும். அந்தத் துளி விழுவதற்குள் கோழி அதை அலகில் வாங்கிக்கொள்ளும். அலகை எடுத்ததும் ஊசி தன் இடத்துக்குத் திரும்பி வழியை அடைத்துவிடும். திறந்த தண்ணீர் எங்குமே இல்லாததால் எச்சம் விழவும், கொசு முட்டையிடவும், எலி நக்கவும் இடமில்லை.

எந்த வகையை வாங்குவது

கடைகளிலும் இணையத்திலும் இரண்டு வகை பெருவாரியாகக் கிடைக்கின்றன. ஊசி கீழ்நோக்கித் தொங்கும் செங்குத்து வகை, வாளியின் அடியிலோ குழாயின் அடிப்பக்கத்திலோ பொருத்தப்படுவது. பெரிய பண்ணைகளில் நீண்ட குழாய் வரிசையாகப் பார்ப்பது இதைத்தான். ஊசி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கிடைவகை, வாளியின் சுவரில் பொருத்தப்படுவது. செங்குத்து வகையை ஒரு நாள் குஞ்சுகூட எளிதாகத் தள்ளிவிடும். ஆனால் கோழி சரியான கோணத்தில் நிற்காவிட்டால் சொட்டுகள் தரையில் விழும். கிடைவகையில் சுருள் சற்று விறைப்பாக இருப்பதால் சின்னக் குஞ்சுகள் திணறும். மறுபக்கம், சிறிய கூரை போன்ற விளிம்பு துளியை ஏந்திக்கொள்வதால் தரையில் சிந்துவது மிகக் குறைவு, வாளியைத் தொங்கவிடாமல் செங்கல்மேல் வைத்தாலே போதும்.

வளர்ந்த கோழிகள் பத்துக்குள் வைத்திருப்பவர்கள் கிடைவகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து. குஞ்சு பொரிக்க வைத்து வளர்ப்பவர்களும், பதினைந்துக்கு மேல் வைத்திருப்பவர்களும் செங்குத்து வகைக் குழாய் வரிசைக்குப் போகலாம். நிப்பிள் ஒன்றின் விலை சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் போகாது; அதனால் மிக மலிவானதைத் தேடி அலையாமல், ஊசி துருப்பிடிக்காத எஃகாகவும், உள்ளே ரப்பர் வளையம் உள்ளதாகவும், கழற்றிக் கழுவ முடிவதாகவும் பார்த்து வாங்க வேண்டும். தேவைக்கு மேல் இரண்டு மூன்று கூடுதலாக வாங்கி வைத்தால், ஒன்று கசியும் நாளில் உடனே மாற்றலாம்.

எத்தனை பொருத்துவது என்பதைப் பொறுத்தவரை, பண்ணைகளில் ஒரு நிப்பிளுக்குப் பத்துக் கோழிகள் வரை விடுகிறார்கள். வீட்டுக் கொட்டகையில் மூன்று நான்கு கோழிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு; அதிலும் எவ்வளவு குறைவான கோழிகள் இருந்தாலும் இரண்டுக்குக் குறையக் கூடாது. கோழிக் கூட்டத்தில் அதிகார வரிசை உண்டு. மேல்நிலையில் உள்ள பெட்டை ஒன்று நிப்பிளுக்கு முன்னால் நின்று மற்றவற்றைக் கொத்தி விரட்டுவதை வெயில் நேரத்தில் தெளிவாகப் பார்க்கலாம். வாளியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிப்பிள்கள் இருந்தால் விரட்டப்பட்டது மறுபக்கம் போய்க் குடித்துக்கொள்ளும்.

வாளியைத் தேர்ந்தெடுத்தல்

முட்டையிடும் பெட்டை ஒன்று சாதாரண நாளில் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடிக்கும். நம் ஊர் மதிய வெக்கையில் அது அரை லிட்டர் வரை போகலாம். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்து, உடலின் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. முட்டையின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர்தான் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், ஒரு நாள் தண்ணீர் நின்றுபோனால் முட்டை எண்ணிக்கை ஏன் பல நாட்களுக்கு மீளாமல் கிடக்கிறது என்பது புரியும். பத்துக் கோழிகளுக்கு வெயில் நாளில் 5 லிட்டர் என்று கணக்கிட்டால், 20 லிட்டர் வாளி நான்கு நாட்களுக்குத் தாங்கும். ஆனாலும் தாங்குகிறதே என்று நான்கு நாள் விட்டுவைக்காமல், இரண்டு நாட்களுக்கு ஒருமுறை மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவதே முறை.

ரொட்டிக்கடைகளிலும் உணவுக்கடைகளிலும் மார்ஜரின், சமையல் எண்ணெய், சோஸ் போன்றவை வந்த மூடியுள்ள வாளிகள் மலிவாகக் கிடைக்கும். அடியில் முக்கோணக் குறிக்குள் 2 அல்லது 5 என்ற எண் இருந்தால், அது தண்ணீர் வைக்க ஏற்ற பிளாஸ்டிக். எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை அவசியம். களைக்கொல்லி வந்த கலன்கள் நல்ல கனமாகவும், இறுகிய மூடியோடும், காசில்லாமலும் கிடைப்பதால், அவற்றைக் கழுவித் தண்ணீருக்குப் பயன்படுத்தும் பழக்கம் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய வீடுகளில் பல காலமாக உண்டு. மலேசியாவில் பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது. என்றாலும் பழைய கலன்கள் ஸ்டோர்களின் மூலைகளில் இன்னும் கிடக்கக்கூடும், மற்றக் களைக்கொல்லிகளின் கலன்களோ புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன. பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் பிளாஸ்டிக்கின் சுவருக்குள் ஊடுருவி, பின்னர் சிறிது சிறிதாகத் தண்ணீரில் இறங்கும். எத்தனை முறை கழுவினாலும் அது குடிநீர்ப் பாத்திரமாகாது. அந்தக் கோழியின் முட்டையை நம் பிள்ளைகள்தாம் சாப்பிடப்போகிறார்கள். சாய வாளிக்கும் இதே விதிதான்.

வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை வாளியில் சில நாட்களில் பச்சைப் பாசி படரும். கறுப்பு வாளி பாசியைத் தடுத்தாலும் வெயிலில் சூடேறும், சூடான தண்ணீரைக் கோழி குறைவாகவே குடிக்கும். வாளியைக் கூரையின் நிழலில் வைத்து, பழைய கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டால் இரண்டும் தீரும்.

துளையிடுதல்

மொத்த வேலையில் பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். கசிவுகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. திருகு வகை நிப்பிளுக்குப் பரவலாக 9 மில்லிமீட்டர் அளவுள்ள டிரில் பிட் பொருந்தும். இருப்பினும் நிப்பிளுக்கு நிப்பிள் மரை மாறுபடுவதால் பொட்டலத்தில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், மரையின் மேடுகளை விட்டுவிட்டு அதன் பள்ளத்தின் விட்டத்தை அளந்து, அதற்கு நெருக்கமான பிட்டை எடுத்து, வாளியின் மூடியிலோ கழித்துப்போட்ட குழாய்த் துண்டிலோ முதலில் ஒரு துளையிட்டுப் பார்க்க வேண்டும். நிப்பிள் கையால் தொடங்கி, கடைசி இரண்டு சுற்றுக்கு ஸ்பெனர் கேட்டால் அளவு சரி. முழுவதும் கையாலேயே இறங்கிவிட்டால் துளை பெரிது. தொடங்கவே மறுத்துப் பிளாஸ்டிக் வெளுத்துப்போனால் துளை சிறிது.

கிடைவகைக்கு வாளியின் அடியிலிருந்து 4 முதல் 5 சென்டிமீட்டர் உயரத்தில், சுவர் தட்டையாக இருக்கும் இடத்தில் குறியிட வேண்டும். அடிவிளிம்பை ஒட்டி இட்டால் வளைவில் வாஷர் சரியாக உட்காராது. அத்துடன், அடியில் தேங்கும் வண்டல் நேராக நிப்பிளுக்குள் நுழையும். துளைகளுக்கிடையே குறைந்தது ஒரு சாண் இடைவெளி விட்டால் கோழிகள் தோளோடு தோள் இடிக்காமல் நிற்கும்.

வாளிக்குள் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, டிரில்லை மெதுவான வேகத்தில், செங்குத்தாகப் பிடித்து ஓட்ட வேண்டும். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் அறுபடாமல் உருகி, துளையின் ஓரத்தில் மெழுகு போலத் திரண்டு நிற்கும். அந்தத் திரட்டின்மேல் வாஷரை வைத்து எவ்வளவு இறுக்கினாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் இருக்கும். துளையிட்டபின் கூரிய கத்தியால் உள்ளும் புறமும் ஓரத்தைச் சீவி, விரலால் தடவிப் பார்த்து வழுவழுப்பானதும், சீவிய தூள் ஒன்றுகூட வாளிக்குள் தங்காமல் கழுவிவிட வேண்டும். அந்தத் தூள்தான் பின்னால் ஊசிக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் சிக்கிச் சொட்டவைக்கும்.

நிப்பிளின் மரையில் வெள்ளை டெப்லான் டேப்பை மரை சுற்றும் திசையிலேயே மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, ரப்பர் வாஷரோடு திருக வேண்டும். வாளியின் சுவர் மெல்லியது என்பதால் வலுவைக் காட்டினால் மரை பிய்ந்துவிடும். வாஷர் சற்றே நசுங்கும் அளவு போதும். சிலிக்கான் பசை பூசுவதாக இருந்தால், மீன்தொட்டிக்கு என்று விற்கப்படுவதை வாங்க வேண்டும். குளியலறைக்கான சிலிக்கானில் பூஞ்சையைத் தடுக்கும் நச்சு மருந்து கலந்திருக்கும். ஹார்ட்வேர் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) வெறுமனே சிலிக்கான் என்று கேட்டால் பெரும்பாலும் குளியலறை வகையைத்தான் எடுத்துக் கொடுப்பார். குழாயில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பூசியபின் ஒரு முழு நாள் காயவிட்டு, அதன் பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இனி வாளியை நிரப்பி, உலர்ந்த சிமெண்டுத் தரையில் பழைய நாளிதழின்மேல் ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் தாளில் ஈரவட்டம் எந்த நிப்பிளின் கீழே இருக்கிறதோ அதை மட்டும் கழற்றி மீண்டும் பொருத்தினால் போதும். கொட்டகைக்குள் கொண்டுபோய்விட்டு உமிக்குள் கசிவைத் தேடுவது வீண்வேலை.

காற்றுக்கு ஒரு வழி

மூடியை இறுக அடைத்தால் தண்ணீர் நின்றுவிடும். உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே நுழைய வேண்டும். நுழையாவிட்டால் வெற்றிடம் உண்டாகி, கோழி எத்தனை முறை தட்டினாலும் துளி வராது. முதல் சில மணி நேரம் நன்றாகவே இயங்கி, வாளி கால்வாசி குறைந்தபின் நின்றுபோவதால், நிப்பிள் அடைத்துக்கொண்டது என்று நினைத்துப் பலர் அதைக் கழற்றிக் கொண்டிருப்பார்கள். வாளியின் சுவர் உள்வாங்கியிருப்பதைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

வாளியின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, மூடியின் உதடு மறைக்கும் இடத்தில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால் காற்றும் போகும், மழையும் நுழையாது. ஆனால் கொசு நுழையும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். வீட்டு வளாகத்தில் அதன் லார்வா இருப்பது, நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பது குறித்த 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமும்கூட. ஜன்னல் கொசுவலையில் ஒரு சிறு துண்டை வெட்டி, துளையின்மேல் உட்புறமாக ஒட்டிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

குழாய் வரிசை அமைப்பவர்களுக்கு

வாளியை உயரத்தில் வைத்து, அதன் அடிச்சுவரிலிருந்து முக்கால் அங்குலப் பிவிசி குழாயைக் கொட்டகையின் நீளத்துக்குக் கொண்டுபோய், அதன் அடிப்பக்கத்தில் செங்குத்து நிப்பிள்களை 25 முதல் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பொருத்துவது இந்த முறை. மெல்லிய குழாயில் மரை பிடிக்காது. சுவர் கனமுள்ள வகையைக் கேட்டு வாங்க வேண்டும். துளைகள் எல்லாம் ஒரே கோட்டில் அமைய, குழாயைத் தரையில் வைத்து அதன்மேல் நூல் பிடித்துக் கோடு இழுத்துக்கொள்ளலாம். துளைகள் கோணலாக அமைந்தால் ஊசி நேராகத் தொங்காது, நேராகத் தொங்காத ஊசி ஓயாமல் சொட்டும். குழாய் மட்டப்பலகை வைத்துப் பார்க்கும்போது சமமாக இருக்க வேண்டும். நடுவில் தொய்ந்தாலோ மேடாக நின்றாலோ காற்றுக் குமிழி அடைத்துக் கடைசி நிப்பிள்களுக்குத் தண்ணீர் போகாது. வரிசையின் முடிவில் திருகு மூடியோ சிறு குழாய்த் திறப்போ வைத்தால், கழுவும் நாளில் அதைத் திறந்து வண்டலை வெளியேற்றலாம்.

வீட்டுக் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து நேராக இணைத்துவிட்டால் என்ன என்று பலரும் கேட்பார்கள். இணைக்கக் கூடாது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். கூரைத் தொட்டி நான்கைந்து மீட்டர் உயரத்தில் இருந்தால் அரை பாருக்கு நெருக்கமாகிவிடும். செங்குத்து நிப்பிளுக்குச் சில பத்துச் சென்டிமீட்டர் உயரத் தண்ணீரே போதுமானது. அதற்கு மேல் போனால் கோழி தட்டும்போது தண்ணீர் துளியாகத் திரளாமல் பீய்ச்சும், பாதி தரைக்குப் போகும். பொதுக் குழாயின் அழுத்தம் இன்னும் கூடுதல். தானாக நிரம்ப வேண்டும் என்று விரும்புபவர்கள், கழிவறைத் தொட்டியில் இருக்கும் மிதவை வால்வு போன்ற ஒன்றை வாளிக்குள் பொருத்தி, குழாய்த் தண்ணீரை அங்கே நிறுத்தி, வாளியிலிருந்து மட்டுமே நிப்பிளுக்கு விடலாம். வாளியின் அடி, குழாயிலிருந்து அரை மீட்டருக்குள் இருந்தால் சரியாக இருக்கும்.

மிதவை வால்வின்மேல் எனக்கு அவ்வளவு பிரியமில்லை. இரவில் ஒரு நிப்பிள் கழன்று விழுந்தால், கையால் நிரப்பிய வாளியில் 20 லிட்டரோடு சேதம் நிற்கும். மிதவை வால்வு இருந்தால் விடியும்வரை ஓடிக் கொட்டகையையே சேறாக்கும். இன்னொரு காரணமும் உண்டு. வாளியின் உட்சுவரில் லிட்டர் கோடுகள் போட்டு, தினமும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பவருக்கு, கோழி நோய்வாய்ப்படுவது மற்ற அறிகுறிகள் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடும். தீவனத்தைக் குறைப்பதற்கு முன்னரே பல நேரங்களில் தண்ணீரைத்தான் குறைக்கும். தானாக நிரம்பும் வாளி அந்தச் செய்தியை மறைத்துவிடுகிறது.

20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ எடை. பழைய ரப்பர் மரச் சட்டத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்டால் மழைக்காலத்தில் சட்டம் உளுத்து வாளி கோழியின்மேல் விழக்கூடும். ஹாலோ பிளாக் கற்களை அடுக்கியோ, சுவரில் இரும்புத் தாங்கி அடித்தோ வைப்பது நல்லது.

உயரம்

செங்குத்து நிப்பிளின் கீழே நிற்கும் கோழி, பாதம் முழுவதும் தரையில் ஊன்றியபடி, கழுத்தைச் சற்றே நீட்டி அலகை மேல்நோக்கித் தூக்கிக் குடிக்க வேண்டும். தலையைச் சாய்த்துப் பக்கவாட்டிலிருந்து தட்டினால் உயரம் குறைவு; தண்ணீர் அலகின் ஓரமாக வழிந்து தரைக்குப் போகும். நுனிக்காலில் எம்பினால் உயரம் அதிகம். ஒரு நாள் குஞ்சுக்கு ஊசி அதன் கண்மட்டத்தில் இருந்து, பின்னர் வளர வளர உயர வேண்டும். குழாயைச் சங்கிலியில் தொங்கவிட்டு வாரத்துக்கு ஒரு கண்ணியாகத் தூக்குவது எளிய வழி. கிடைவகை நிப்பிள் கோழியின் முதுகுமட்டத்துக்கும் தலைமட்டத்துக்கும் நடுவில் இருந்தால் போதும். மரத்தூளும் உமியும் கொட்டக் கொட்டத் தரை உயர்ந்துவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது. கிரியான் பக்கத்து நெல் ஆலையிலிருந்து உமி மூட்டை வந்திறங்கி, தாராளமாகப் பரப்பிய அன்றே நிப்பிள் நான்கு விரல் தாழ்ந்துபோகும்.

பெரிய கோழிகளோடு குள்ளக் கோழிகளும் இருந்தால், ஒரே உயரம் இரண்டுக்கும் பொருந்தாது. ஒரு சிமெண்டுக் கல்லை நிப்பிளின் கீழே போட்டால் குள்ளக் கோழி அதில் ஏறி நின்று குடிக்கும். வாத்துகளுக்கு மட்டும் நிப்பிள் தனியாகப் போதாது. அவை மூக்குத் துளைகளையும் கண்களையும் கழுவிக்கொள்ளத் தலையை முக்கக்கூடிய திறந்த தண்ணீர் வேண்டும், அதைக் கோழிக்கொட்டகைக்கு வெளியே வைத்துவிடுவது உத்தமம்.

பழக்குதல்

பிறந்ததிலிருந்து நிப்பிளைப் பார்த்த குஞ்சுக்குப் பாடம் தேவையில்லை. பளபளக்கும் எதையும் கொத்திப் பார்ப்பது அதன் இயல்பு. பழைய டப்பாவுக்குப் பழகிய பெட்டைகளுக்குத்தான் சில நாட்கள் பிடிக்கும். காலையில் கொட்டகையைத் திறக்கும்போது டப்பாவை எடுத்துவிட்டு, கோழிகள் பார்க்கும்படி விரலால் ஊசியைத் தட்டி முனையில் துளி தொங்கும்படி விட வேண்டும். ஒன்று துணிந்து கொத்தும். நாக்கில் ஈரம் பட்டதும் கழுத்தைத் தூக்கி விழுங்கிவிட்டு, திரும்பவும் அதே இடத்தைக் கொத்தும்போது அது கற்றுக்கொண்டுவிட்டது என்று தெரியும். மற்றவை அதைப் பார்த்துத்தான் வரும்.

வெயில் ஏறும் பதினொரு மணிக்குமேல் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பட்டினி போட்டால் தானாகக் கற்றுக்கொள்ளும் என்ற கண்டிப்பு இந்த நாட்டு வெக்கைக்கு ஒத்துவராது. 35 பாகைக்கு மேல் வெப்பம் ஏறும் நாட்களில் சில மணி நேரத் தாகமே கோழியைச் சாய்த்துவிடும். கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு கோழியும் நிப்பிளில் குடிப்பதைக் கண்ணால் பார்த்தபிறகே டப்பாவை முழுவதுமாக நிறுத்தலாம். ஓரமாக ஒதுங்கி நிற்கும் கடைநிலைக் கோழியைக் குறிப்பாகக் கவனியுங்கள். அதன் கொண்டை வாடிக் கருத்திருந்தால் அதற்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை.

கழுவுதலும் மருந்தும்

மூடிய வாளி என்பதற்காகக் கழுவாமல் விடக் கூடாது. குழாயின் உட்சுவரில் வழுக்கலான படலம் ஒன்று கிருமிகளால் உருவாகும். குளுக்கோசு, வைட்டமின் போன்றவற்றைத் தண்ணீரில் கலப்பவர்களின் குழாயில் அது இன்னும் வேகமாக வளரும். வாரம் ஒருமுறை வாளியைத் தேய்த்துக் கழுவி, குழாயின் முடிவுத் திறப்பைத் திறந்து ஓடவிட்டு, ஒவ்வொரு ஊசியையும் விரலால் தட்டித் துளி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வரும் நாட்களில், வாளியை நிரப்பும்போது வாயில் வெள்ளைத் துணி கட்டி வடிகட்டினால் மணல் ஊசியில் சிக்காது. ஒரு நிப்பிளைத் தொடர்ந்து திறந்து பிடித்தால் வளர்ந்த கோழிக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 மில்லிலிட்டர் வரை வர வேண்டும். அதைவிட மிகவும் குறைந்தால் உள்ளே அடைப்பு, கையை எடுத்தபின்னும் சொட்டினால் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது அல்லது மணல் சிக்கியிருக்கிறது.

சுண்ணாம்புப் படிவு தெரிந்தால் நிப்பிள்களைக் கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறவைக்கலாம். கிணற்று நீரோ மழைநீரோ பயன்படுத்துபவர்கள், மணமும் சோப்பும் சேராத 5 விழுக்காட்டு வெளுப்பானில் ஏறத்தாழ 1 மில்லிலிட்டரை 20 லிட்டர் தண்ணீருக்குக் கலந்தால் போதும். மருந்துக்கடை ஊசிக்குழலால் அளந்து விட வேண்டும், மூடியால் கண்மட்டத்துக்கு ஊற்றக் கூடாது. வினிகரும் வெளுப்பானும் ஒருபோதும் ஒன்றாகச் சேரக் கூடாது. சேர்ந்தால் நுரையீரலை எரிக்கும் குளோரின் வாயு கிளம்பும்.

வெள்ளைக்கழிச்சலுக்கான (நியூகேசல் நோய்க்கான) உயிருள்ள தடுப்பு மருந்தைக் குடிநீரில் கொடுக்கும் நாளில் இந்தக் குளோரினே இடையூறாகும். குழாய்த் தண்ணீரில் உள்ள சிறிதளவு குளோரின்கூட மருந்திலுள்ள நச்சுயிரியைக் கொன்றுவிடும். தடுப்பு மருந்துக்கு முந்தின நாளிலிருந்தே வெளுப்பான் கலப்பதை நிறுத்தி, அன்று காலை, வெயிலுக்கு முன், லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் கொழுப்பு நீக்கிய பால்மாவைத் தண்ணீரில் கரைத்துக் கால் மணி நேரம் வைத்தால் எஞ்சிய குளோரின் செயலிழக்கும். அதன் பிறகே மருந்தைக் கலக்க வேண்டும். கோழிகளுக்கு ஒரு மணி நேரம் தண்ணீரை நிறுத்தி வைத்திருந்து, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவை மட்டும் ஊற்றுங்கள். குழாய் வரிசையாக இருந்தால், முடிவுத் திறப்பைத் திறந்து பழைய தண்ணீர் வெளியேறிப் பால்நிறம் தெரிந்ததும் மூடிவிட வேண்டும். இல்லையென்றால் முதல் நிப்பிளில் நிற்கும் கோழிக்கு மருந்தும் கடைசி நிப்பிளில் நிற்பதற்கு வெறும் தண்ணீரும் கிடைக்கும். பால்மா கலந்த தண்ணீர் இந்த வெப்பத்தில் மாலைக்குள் புளித்துவிடும் என்பதால், குடித்து முடித்தவுடன் வாளியையும் குழாயையும் வெறும் தண்ணீரால் இரண்டு முறை அலசிவிட்டு, வெளுப்பான் கலப்பதை மறுநாள் கழிந்தபின் மீண்டும் தொடங்கலாம்.